என் கொழுந்தன் பறந்த விமானம்

என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு கொழுந்தன் இருந்தான். அறுபத்திரண்டு கிலோ மணல், கோணிப்பைக்குள்.

இவர் வெல்டர். ஊர்க்கோடியில் இருந்த சின்ன விமானத் தளத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓர் இஞ்சினியர் விமானம் செய்துகொண்டிருந்தார். முழு விமானமாக விற்கமாட்டார்களாம். பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்களாம், வாங்குகிறவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"ஒரு கட்டில் பூட்டவே நமக்கு அரை நாள் ஆச்சு. இவங்க விமானம் பூட்டுவாங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். மறுநாளே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

விற்பதற்கு முன்னால் மாதிரிக்கு ஒன்று செய்து, பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அதன் கூடு முழுக்க இவர் பற்றவைத்ததுதான். வேலை விட்டு வந்தால் சட்டையெல்லாம் சுட்ட இரும்பு வாசனை. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் நான் சட்டென்று வாசலைப் பார்க்கிறேன்.

விமானத்தில் இரண்டு இருக்கை. "சோதனை முடியட்டும், ரெண்டாவது சீட்டுல முதல் ஆளா நீங்கதான் ஏறணும்" என்று இஞ்சினியர் வாக்குக் கொடுத்திருந்தார். இவருக்கு வேறு என்ன வேண்டும்! அதுவரை பைலட்டைத் தவிர யாரும் ஏறக்கூடாது என்பது விதி. ஆனால் பாரம் ஏறினால் எப்படிப் பறக்கும் என்றும் பார்த்தாக வேண்டுமே. இவரே தராசில் ஏறி நின்று, தன் எடைக்குச் சரியாக மணல் அள்ளி, கோணியைத் தைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டு உட்காரவைத்தார்.

அன்று சாப்பாடு கொண்டுபோயிருந்த நான், "நீங்க கீழ நிக்கிறீங்க. உங்க தம்பி ஜம்முனு மேல போறாரு" என்றேன். கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அந்த மூட்டை தம்பிதான்.

வம்பு சாப்பாட்டில் வந்தது. விமானத்தின் சமநிலையை அந்த மூட்டைக்குப் பார்த்து வைத்திருக்கிறார்களாம், அதனால் இவர் ஒரு கிலோ ஏறவும் கூடாதாம், இறங்கவும் கூடாதாம். இரண்டாம் முறை போடப் போனால் தட்டை இழுத்துக்கொள்வார்.

"வாங்கப் போறவன் எல்லாம் உங்க எடையிலயா இருப்பான்?"

"அதுக்கெல்லாம் இடம் விட்டுத்தான் செய்யறோம். முதல் ஆள் சரியா இருக்கணும்ல?"

என்ன மனுஷனோ! என் தங்கை கல்யாணப் பந்தியிலும் இதே கூத்து. சம்பந்தி வீட்டார் என்ன குறையோ என்று பதறிப் போனார்கள், எனக்கு மானம் போயிற்று.

விமானம் அழகாகத்தான் பறந்தது, பொய் சொல்லக்கூடாது. வேகம் கூடினால் மட்டும் வால் நடுங்கியது. அறுத்தார்கள், மறுபடி பற்றவைத்தார்கள், முட்டுக் கொடுத்தார்கள். நடுக்கம் குறையும், பிறகு திரும்ப வரும். வருஷக்கணக்கில் இதே கதை. கடைசியில் முதல் போட்டவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரு பெட்டிகூட விற்கவில்லை.

கொட்டகையை மூடுகிற அன்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். இஞ்சினியர் கண் கலங்கி இவர் கையைப் பிடித்தார். "ஏறுங்க. ஒரே ஒரு சுத்து. யாரு வந்து கேக்கப் போறா?"

பைலட்டும் தயாராக நின்றார். "போயிட்டு வாங்களேன்" என்றேன். பயம்தான், ஆனால் அவருடைய ஆசை எனக்குத் தெரியாதா?

இவர் விமானத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "வால் இன்னும் நடுங்குது சார். சோதனைக்குப் போனா அது வேலை. என் ஆசைக்காகப் பைலட் சாரை எதுக்கு மேல அனுப்பணும்? அவருக்கும் பிள்ளைங்க இருக்கு."

அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

முழுசாக வைத்திருந்தால் யாராவது ஏறிப் பறந்து வைப்பார்கள் என்று, அதை வெட்டிவிட முடிவு செய்தார்கள். வேறு ஆளைத் தொடவிடாமல் இவரே வெட்டினார். மறுநாள் மதியம் வெட்டி முடித்து வீட்டுக்கு வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். போட்டதைச் சாப்பிட்டார். நான் வழக்கம்போலப் பாத்திரத்தை மூடப் போனேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

இந்த வார்த்தைக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இப்போது கரண்டியை எடுக்கக் கை வரவில்லை. "வேண்டாங்க" என்று என் வாயிலிருந்தே வந்தது.

"போடும்மா. இனிமே என்ன இருக்கு?"

போட்டேன். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை அடங்கவே இல்லை.