சாரம் காய்ந்த ஜன்னல்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். லண்டன் செவன் கிங்ஸ் விஜயரத்தினத்தின் புளுகு முப்பத்துமூன்று வருடம் ஓடியது. அவர் ஒன்றும் அவ்வளவு பெரிய கெட்டிக்காரர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தரும் பாங்கொக் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குக் களவாக வரும் வழியில், ஏஜென்சிக்காரன் அவரை பாங்கொக் சைனாடவுனில் எட்டு மாதம் வைத்திருந்தான். இது சத்தியமான உண்மை. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று நாலு பேர் கூடிய இடமெல்லாம் அந்த எட்டு மாதம் கொழுத்துக்கொண்டே போனதுதான் பிழை. அங்கே அவருக்குத் தெரியாத சந்து, ஒழுங்கை கிடையாது. தங்கக்கடை முதலாளிமார் அவரின் தோளில் கைபோட்டுத்தான் நடப்பார்கள். "சுறாச் சூப்பை என்னட்டக் குடுத்து உப்புப் பார்த்துப்போட்டுத்தான் இறக்குவாங்கள்," என்பார். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்த களைப்பிலும் இந்தக் கதைக்கு மட்டும் அவருக்குத் தொண்டை அடைக்காது.

நடந்தது வேறு. பதினொரு பேர், ஒரு அறை, வெளியில் பூட்டு. எட்டு மாதமும் வாசல்படி தாண்டவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள்ளால் ஒரு பின் ஒழுங்கையில் பத்தடி தெரியும். அந்தப் பத்தடியில் ஒரு மனிதன் விடிய வெள்ளென குந்தியிருந்து வாத்துக்கு இறகு பிடுங்குவான். விஜயரத்தினம் கண்ட சைனாடவுன் மொத்தமும் இவ்வளவுதான். இது அவர் மனைவி சிவனேஸ்வரிக்கே தெரியாது.

மகன் மிதுலன் பிம் என்ற தாய்லாந்துச் சீனப் பிள்ளையைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். சிவனேஸ்வரி இரண்டு நாள் பச்சைத் தண்ணியும் குடியாமல் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள், பிள்ளை டொக்டர் என்று தெரியவந்ததும் எழும்பி இடியப்பம் அவித்தார். தாலிகட்டு லண்டனில், வரவேற்பு ஜனவரியில் பாங்கொக்கில் என்று முடிவானது. நாற்பது சொந்தக்காரர் டிக்கெட் போட்டார்கள். நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "முதல்நாள் சைனாடவுன். அண்ணை சுத்திக் காட்டுவார்."

வட்ஸ்அப் குறூப்புக்கே 'அண்ணையோட சைனாடவுன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விஜயரத்தினத்துக்கு அன்றோடு நித்திரை போனது. யூடியூப்பில் பார்த்துப் பாடமாக்கலாம் என்று முயன்றார். ஒழுங்கைகளின் பெயர் வாய்க்குள் நுழையவே இல்லை. நாற்பது பேருக்கு முன்னால் மானம் கப்பலேறப் போகிறது. அதிலும் மச்சான் ஸ்ரீஸ்கந்தராஜா வீடியோ எடுத்து கனடாவுக்கும் அனுப்புவான்.

பிம்மின் தாய் மாலி, சம்பந்திகள் முதலில் ஒன்றாகச் சாப்பிடவேண்டும் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் லண்டன் சைனாடவுனுக்கே கூப்பிட்டார். ஜெரார்ட் ஸ்ட்ரீட்டில் சிவப்பு விளக்குக்கூடுகளுக்குக் கீழே நடந்தபோது, பழக்கதோஷம், விஜயரத்தினத்துக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா வர ஏலவில்லை.

"உது என்ன கண்டறியாத சைனாடவுன்! நாலு எட்டு வைக்க முடிஞ்சுபோம். பாங்கொக்கில எண்டா..." என்று தமிழில் தொடங்கி, சம்பந்திக்காக இங்கிலிஷிலும் ஒருமுறை சொன்னார்.

மாலி நின்றுவிட்டார். "நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். நீங்கள் எந்த ஒழுங்கை?"

எந்த ஊர், எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, ஆரின்ர மகன் என்று கண்டவன் நிண்டவனை எல்லாம் குடைவது விஜயரத்தினத்தின் தொழில். பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் பால் வாங்க வந்த ஒரு அப்பாவியை நிறுத்தி வைத்துப் பாட்டன் பெயர்வரைக்கும் பிடுங்கி அனுப்பினவர். இப்போது அதே கேள்வி, அதே ஒழுங்கில், ஒரு சீன மனுசியின் வாயால் வருகிறது. சாப்பாட்டுக் கடையில் போய் இருந்த பிறகும் விடவில்லை. சந்தைக்கு எந்தப் பக்கம்? கோயிலுக்கு முன்னாலா, பின்னாலா? வீட்டுக்குக் கீழே என்ன கடை?

"பெரிய ரோட்டுக்குக் கிட்ட," என்றார் விஜயரத்தினம். பெரிய ரோட்டுக்குக் கிட்ட இல்லாதது உலகத்தில் என்ன இருக்கிறது?

"அப்பாக்கு எல்லாம் தெரியும். நாற்பது பேருக்கும் அவர்தான் கைட்," என்றான் மிதுலன் பெருமையாக.

அந்தப் பெருமைதான் மனிசனைக் கொன்றது. இவன் முகத்தை ஜனவரியில் நடுத்தெருவில் எப்படிப் பார்ப்பது? மேசையில் சுட்ட வாத்து வந்து இறங்கியது. விஜயரத்தினம் அதைப் பார்த்தார். இனி ஏலாது என்று ஆனது.

"மிதுலன், நான் சொல்லுறதை அவவுக்குச் சொல்லு. எனக்கு ஒரு ஒழுங்கையும் தெரியாது. எட்டு மாசமும் பூட்டின அறைக்குள்ளதான் கிடந்தனாங்கள். வாளிக்கு மேல ஏறி நிண்டு, வாத்து உரிக்கிற ஒருத்தனைப் பார்த்தன். வேற ஒண்டும் காணேல்லை."

மிதுலன் சொல்லி முடிக்குமுன் சிவனேஸ்வரி பாய்ந்தார். "அப்ப சுறாச் சூப்பு?"

"ஏஜென்சிக்காரன் காய்ச்சித் தந்த கஞ்சி."

"தங்கக்கடை முதலாளி?"

"அதுதான் அந்த வாத்துக்காரன். அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை."

"ஐயோ, முப்பது வருசம் இந்தப் புளுகனுக்கா நான் சோறு போட்டன்!" என்று சிவனேஸ்வரி தலையில் கை வைத்தார்.

மாலி சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "அந்த ஜன்னலில் கட்டம் போட்ட துணிகள் காயுமா?" என்று கேட்டார்.

விஜயரத்தினம் விழித்தார். இருமாதே, சத்தம் போடாதே, ஒரு ஈ காக்கைக்கும் நீங்கள் இருப்பது தெரியக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. பதினொரு பேரும் எட்டு மாதம் குசுகுசுத்தே வாழ்ந்தார்கள். ஆனால் இடுப்பில் கட்டின கட்டம் போட்ட சாரத்தை யாழ்ப்பாணத்தான் தோய்க்காமல் விடுவானா? தோய்த்ததை வெயில் படாமல்தான் உலரவிடுவானா? தினமும் விடிய பதினொரு சாரத்தையும் அலசி, ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டி விரித்துவிட்டு, உள்ளே வந்து மூச்சை அடக்கிக்கொண்டு ஒளித்திருந்தார்கள்!

மாலி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பினார்கள். "அந்த வாத்துக்காரர் என் அப்பா. மேலே பார்த்தால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று எங்களை நிமிரவே விடமாட்டார். ஆனால் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். வாத்து வாங்க வரும் போலீஸ்காரருக்கும் தெரியும்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அம்மா தினமும் அந்தத் துணிகளை எண்ணுவார். எத்தனை துணியோ அத்தனை பேருக்குக் கஞ்சி. உங்கள் ஆள் வந்து பானையை வாங்கிப்போவான்."

"அந்த நாசமாப்போவான், தான் காய்ச்சினதெண்டெல்லோ சொன்னவன்!" என்றார் விஜயரத்தினம்.

"ஒருநாள் பத்துத்தான் காய்ந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அம்மா அழுதுவிட்டார். அன்றைக்குக் கஞ்சியில் இஞ்சி போட்டு அனுப்பினார்."

காயாத அந்தப் பதினோராவது, விஜயரத்தினத்தின் சாரம். காய்ச்சல் கொதிக்க, அதையே தலைவரைக்கும் மூடிக்கொண்டு மூலையில் கிடந்தார். கஞ்சியில் இஞ்சி மணத்தது இப்போதும் நினைவிருக்கிறது. அந்த அறையில் தான் செத்தாலும் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று அன்றைக்கு நினைத்து அழுதவர் அவர். அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைக்காமல் அழுதார். சிவனேஸ்வரி திட்டிக்கொண்டே கடதாசித் துவாயை எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமையும் கஞ்சிக்குள்ள வாத்துப் போட்டவ," என்றார் விஜயரத்தினம் மூக்கை உறிஞ்சியபடி. "நாங்கள் விரதம்."

"சாப்பிட்டீர்களா?"

"வழிச்சு நக்கினனாங்கள்."

மாலியின் அம்மா இன்னும் இருக்கிறாரா என்று விஜயரத்தினம் கேட்டார். இருக்கிறார், எண்பத்துநாலு வயது, அதே ஒழுங்கை, அதே வீடு, காலையில் ஜன்னலடியில்தான் இருப்பார் என்றார் மாலி.

வீடு திரும்பும் ரயிலில் விஜயரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வட்ஸ்அப் குறூப்பில் ஒவ்வொரு எழுத்தாக அமத்தினார்: "சைனாடவுன் எனக்குத் தெரியாது. நான் சொன்னது முழுக்கப் புளுகு. ஒரு வீடு மட்டும்தான் காட்டுவன். என்னோட பத்து ஆம்பிளையள் வாங்கோ. ஆளுக்கொரு கட்டம் போட்ட சாரம், தோய்ச்சுக் கொண்டுவரவேணும். அந்த அம்மா எண்ணுவா."