மஞ்சள் பேருந்தில் ஒரு சட்டப் பரீட்சை

தண்டவாளத்துக்கு முன்னால் பேருந்தை நிறுத்தி, மிஸ் ரோவீனா கதவைத் திறக்கிறார். தன் பக்கத்து ஜன்னலையும் தள்ளிவிட்டு, காதை வெளியே நீட்டுகிறார். "மூச்சு!" என்கிறார். பேருந்து முழுக்க வாயை மூடிக்கொள்கிறது. எங்கள் ஓஹாயோவில் பள்ளிப் பேருந்துக்கு இது சட்டம். எனக்குத் தெரிந்து அந்தத் தண்டவாளத்தில் வந்த ஒரே ஜீவன் ஒரு வாத்து. இருந்தாலும் ரயில் இல்லை என்று அவர் காது சொன்ன பிறகுதான் கதவு மூடும்.

வெயில் காலத்திலும் கழற்றாத பச்சைக் கம்பளிக் குல்லாய். கன்னத்தில் எப்போதும் சூரியகாந்தி விதை. தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை. ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடியில் சாய்த்து வைத்த தலையணை கனத்தில் ஒரு புத்தகம், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கானது. நூலகம் கழித்துக் கட்டிய குவியலிலிருந்து பொறுக்கியது. பக்கத்தில் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம், நேரம் வைத்துப் பழக. பட்டம் எப்போதோ வாங்கிவிட்டாராம். தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் மட்டும் சேரவில்லை. "சொல்லிக் கொடுக்க ஆள் எதுக்கு? எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார்.

அவர் சொன்னது உண்மைதான். அந்தப் புத்தகத்தில் புதிர் விளையாட்டு என்று ஒரு பகுதி. யார் யார் எங்கே உட்காரலாம் என்று சில விதிகள் சொல்லி, மிச்சத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு அது அல்வா.

"நாலு வரிசை. டெஷான், ஹாட்ஜ் பொண்ணுக்கு முன்னாடி எங்கேயாவது. கோல்பி முதல் வரிசை கிடையாது. விங்க்லரை ஒட்டி முன் வரிசையிலயும் பின் வரிசையிலயும் கோல்பி ஆகாது, அடிச்சுப்பாங்க. விங்க்லர் கடைசின்னா, கோல்பி எங்கே?"

விங்க்லர் நான்தான்.

"நான் இறங்கி நடந்து போயிட்டா எல்லாரும் எங்கே வேணா உட்காரலாம், மிஸ்."

"விதியை உடைக்கிறதுக்குப் பேரு வாதம் இல்லடா. போய்க் கடைசில உட்காரு. கோல்பி ரெண்டாவது. டெஷான், நீ முதல்ல."

தினமும் புது விதி, புது இடம். ஈரக் கையுறையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து நாறும் அந்தப் பேருந்தில் நான் உட்காராத இடமே இல்லை. எந்தப் புதிரிலும் கஷ்டமான விதி நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஏன் சட்டம் என்று ஒருமுறை கேட்டேன். விதைத்தோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எங்கக்காவை வீட்டை விட்டுக் காலி பண்ணச் சொல்லி கேஸ். அவளுக்காக வந்த வக்கீல் ஜட்ஜ் முன்னாடி அவ பேரையே தப்பாச் சொன்னான். வீடு போச்சு. பேரை ஒழுங்காச் சொல்ற வக்கீல் ஒருத்தராவது இந்த ஊருக்கு வேணும்ல?"

அவர் தொடாத பொருள் ஒன்று உண்டு. ஹாரன். "அதை அடிக்கிறவ வண்டியை ஓட்டல, வண்டிதான் அவளை ஓட்டுது" என்பார். அவரை ஒரே ஒருமுறை ஹாரன் அடிக்க வைப்பது என் லட்சியமாக இருந்தது. சாலையோரம் அட்டைப் பசு நிறுத்தினேன். பேருந்தை ஓரம் கட்டி இறங்கி வந்து, பசுவை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த குறும்புக்காகத்தான் தேர்வைப் பற்றிக் கைபேசியில் தேடினேன். அப்போது கண்ணில் பட்டது அந்தச் செய்தி. புதிர் விளையாட்டுப் பகுதியைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"மிஸ், அந்த உட்கார வைக்கிற பகுதி இப்போ பரீட்சையில இல்லியாம்."

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி போயிடுச்சு, விங்க்லர்."

"சத்தியமா மிஸ்! இதோ பாருங்க."

"இந்த மாதிரிப் பக்கத்தை நீயே செஞ்சிருப்பே."

பொய்யே சொல்லத் தெரியாத டெஷானிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவன் எழுந்து நின்று சத்தமாக வாசித்தான். மிஸ் ரோவீனா பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். தனியாகப் படிக்கிறவருக்கு யார் சொல்வது? அன்று தண்டவாளத்தில் திறந்த கதவு வெகுநேரம் மூடவே இல்லை. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன.

மறுநாள் காலை, பள்ளி மணிக்காகப் பேருந்துகள் வரிசையில் காத்திருந்தபோது புத்தகத்தின் வேறொரு பக்கத்தைப் புரட்டினார். "இனிமே நீளநீளமா வாசிக்கிறதும் வாதத்துல ஓட்டை கண்டுபிடிக்கிறதும்தான். வாசிக்கிறதுல நான் வீக்கு. அதுக்கு அமைதி வேணும், அது உங்ககிட்ட ஏது?"

நான் இருக்கைமேல் ஏறினேன். "எல்லாரும் கேளுங்க. மணியடிக்கிற வரைக்கும் இங்கே தண்டவாளம். எவனாவது வாயைத் திறந்தா அவன் சாப்பாட்டுப் பையில என்ன இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

பேருந்து அடங்கியது. அவர் பெரிய கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எழுந்து வந்து என் இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"எங்கேடா ஒளிச்சு வெச்சே? தவளையா?"

"ஒண்ணும் இல்ல மிஸ். படிங்க."

 பிறகு போய்க் கோழியைத் திருகி வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க, மணியடிக்கும் வரை, எங்கள் பேருந்தில் கோழியின் டிக்டிக் மட்டும்தான்.

இந்த வருஷம் நான் பள்ளிக்குப் போவதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய டயர் கடையில் வேலை. இன்னும் ஒரு வருஷம் படித்துவிட்டு, இந்த வசந்தத்தில்தான் அவர் தேர்வு எழுதினார். மாலைநேரச் சட்டக் கல்லூரி ஒன்று கேட்கும் மதிப்பெண்ணைத் தன் காகிதக் கோப்பையிலேயே எழுதி வைத்திருக்கிறார் என்று டெஷான் சொன்னான். முடிவு வரும் வாரம் முழுக்க நான் டயரை விடப் பேருந்தைத்தான் பார்த்தேன். மஞ்சள் தலை தெரிந்ததும் கம்ப்ரஸரை அணைத்துவிடுவேன். அவர் காதுக்கு ரயில் கேட்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை. பேருந்து நின்றது. கதவு திறந்தது. பச்சைக் குல்லாய் இந்தப் பக்கம் சாய்ந்து, கேட்டது. என்னைப் பார்த்தார்; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயிலிருந்த விதைத்தோலைக் கோப்பையில் துப்பினார். கதவு மூடியது. பேருந்து மெதுவாகத் தண்டவாளத்தைக் கடந்தது.

கடைசிச் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியதும் ஹாரன் அடித்தார். கடை வாசலிலிருந்து சோளக்காட்டு வளைவு வரைக்கும், கையை எடுக்காமல்.