லேசர் டாக்டர் எந்தப் பாஷையில் சொல்வார்?

இன்று காலை செம்மேடு பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, லேசர் கண் ஆபரேஷனுக்குத் தாய்லாந்து போவதா, துருக்கி போவதா என்று போனில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் மடியில் மிளகுப் பையோடு ஒரு அக்கா. என் வயதுதான் இருக்கும். போனை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, வெறும் கண்ணுப் படமாவே இருக்குது?”

விளக்கினேன். தாய்லாந்தில் மெஷின் புதுசு, துருக்கியில் ஹோட்டலும் சேர்த்துத் தருகிறார்கள் என்றேன்.

“மயக்க ஊசி போடுவாங்களா?”

“இல்லைங்க. சொட்டு மருந்துதான். முழிச்சுட்டே இருக்கணும்.”

“அப்ப அசையாம இருங்கன்னு எந்தப் பாஷையில சொல்லுவாங்க?”

இரண்டு வாரமாக ஒப்பிடுகிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸிலிருந்தே இரண்டு ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கேள்வியை அனுப்பினேன்.

தாய்லாந்திலிருந்து உடனே ஒரு கும்பிடு பொம்மை வந்தது. துருக்கியிலிருந்து ஹோட்டல் நீச்சல் குளத்தின் படம் வந்தது.

அக்காவிடம் காட்டினேன். குளத்தை உற்றுப் பார்த்தார்.

“தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது. கண்ணுல ஆபரேசன் பண்ணிட்டு இதுல எறங்க உடுவாங்களா?”

அதையும் கேட்டு அனுப்பினேன். ஆபீஸ் முடிந்தும் பதில் இல்லை.

அங்கே போய்க் கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், ‘அசையாதே’ என்பதற்கு அந்த ஊர் வார்த்தையைக் கமெண்டில் போடுங்கள். மனப்பாடம் செய்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.