தறிப் பட்டறையில் மாட்டியிருந்த சிவப்புப் பெட்டி

பிள்ளைகளே, நான் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். போன மழைக்கு முன்னால் பட்டறைக் கூரையை மாற்றும்போது, ஒரு தகரம் நழுவி என் மனைவியின் முன்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. ரத்தம் கொட்டியது.

ஓடிப்போய், சுவரில் உயரமாக மாட்டியிருந்த சிவப்பு முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கிய பெட்டி அது. உள்ளே விரல் கீறலுக்கு ஒட்டுகிற சின்ன பிளாஸ்திரிகளும் ஒரு களிம்பும்தான் இருந்தன. பதற்றத்தில் தறி துடைக்கிற எண்ணெய்ப் பஞ்சை அள்ளிக்கொண்டு வந்தேன்.

“ஏனுங்க, நானென்ன தறியா? கொடியில கெடக்கற துண்ட எடுங்க!” என்று கத்தினாள்.

துவைத்த துண்டை மடித்து வைத்து அழுத்தினேன். ரத்தம் நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் மறுபடி பீறிட்டது.

“எடுத்துப் பாக்காதீங்க மாமா, அமுக்குங்க” என்றாள். அவள் குரல் தேய்ந்திருந்தது. அதன்பின், பக்கத்துப் பட்டறைக்காரர் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை. மருத்துவமனையில் தையல் போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

இப்போது பெட்டியில் காயத்தில் வைத்து அழுத்தக் கனமான காஸ் துணியும் அகலமான சுருள் கட்டும் கையுறையும் வைத்திருக்கிறேன். என் மகளுக்கு எட்டும்படி இறக்கி மாட்டியிருக்கிறேன். அவ்வப்போது அவள் என் கையில் துணியை வைத்து அழுத்திப் பழகுவாள். “வலிக்குதாப்பா?” என்று கேட்டுத் தளர்த்தப் பார்ப்பாள்.

“வலிச்சாப் பரவால்ல சாமி, உட்றாத” என்பேன்.