காஞ்சிபுரத்தில் குடிமாறிய எழுபத்து நான்கு பதிவுகள்

பழைய முகவரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மணி, கடையை மூடிவிட்டீர்களா?" என்று மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்: மூடவில்லை, குடிமாறியிருக்கிறேன். குடிமாறிய இடம் இந்தப் புதுத் தளம். ஆனால் சாமான் ஏற்றி இறக்கியது காஞ்சிபுரத்தில், போன ஆவணியில் ஒரு சனிக்கிழமையன்று. போகவர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் வரும், உங்களைத் தெரியாதா எனக்கு!

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். இருபத்தாறு வருடங்களாக அடுத்தவர் சொல்வதையும் அடுத்தவர் எழுதியதையும்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரில், என் வாக்கியமாக இந்த உலகத்தில் இருப்பது நான் எழுதிய எழுபத்து நான்கு பயணப் பதிவுகள் மட்டுமே. அவற்றையும் வீட்டில் எழுதவில்லை. வீட்டில் கணினி கிடையாது. அலுவலகம் விட்டதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரௌசிங் சென்டரில், மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து எழுதினேன். கையில் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் போட்டால் அது கல்லில் செதுக்கியது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த அசடு நான்.

அந்தக் கல்லுக்குத்தான் நாள் குறித்துவிட்டார்கள். நான் இலவசமாக இடம் பிடித்திருந்த தளத்திலிருந்து ஒரு கடிதம்: வரும் திங்கட்கிழமையோடு சேவை நிறுத்தப்படுகிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளவும். எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துவிடலாம் என்றால், நான் எழுதியது பழைய தட்டச்சு எழுத்துருவில். புதிய தளங்களில் அப்படியே ஒட்டினால் தமிழ் தெரியாது; மருந்து அடித்ததும் கொசு விழுந்து கிடப்பதுபோல் புள்ளியும் கோடும்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றியாக வேண்டும். மாற்றும் கருவி இருக்கிறதாம், ஆனால் பிரௌசிங் சென்டர்காரர் தன் கணினியில் எதையும் ஏற்றவிடமாட்டார். கேட்டதற்கு, "வைரஸ் வந்தா நீங்களா மேடம் பொறுப்பு?" என்றார்.

பதிவில் புலம்பினேன். இரண்டே மணி நேரத்தில் 'அட்டைக்காரன்' என்ற பெயரில் வழக்கமாகப் பின்னூட்டம் இடுபவர் எழுதியிருந்தார்: "மேடம், எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல அந்தக் கருவி இருக்குது. நெட்டும் இருக்குது. சனிக்கிழமை காஞ்சிபுரம் வந்துடுங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம். என் சம்சாரமும் வீட்லதான் இருப்பாங்க, தயங்காதீங்க." கீழே பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருப் பெயர், தொலைபேசி எண். 'அட்டைக்காரன்' என்றால் ரேஷன் அட்டை விவகாரம் எழுதுகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

காலை 5.50க்குத் தாம்பரத்தில் பேருந்து. படப்பை, வாலாஜாபாத் வழி. கட்டணம் 24 ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், திரும்பும்போது வெயில் அடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். போகும்போது வெயிலே இல்லை, திரும்பும்போது நான் வந்தது வேறு வழி. 7.40க்குக் காஞ்சிபுரம். நிலையத்துக்கு வெளியே ஒரு சின்ன ஓட்டலில் மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி இரண்டு, காபி, 18 ரூபாய். இட்லி அருமை. காபியைப் பற்றி எழுதி ஊர்ப் பெயரைக் கெடுக்க விரும்பவில்லை.

ஆட்டோக்காரரிடம் பிள்ளையார்பாளையம் என்றேன்.

"பொடவ எடுக்கவாம்மா? நான் ஒரு எடம் சொல்றேன், தறிக்காரன் வெலைக்கே கெடைக்கும்."

"புடவை இல்லைப்பா. வெப்சைட் விஷயமா வந்திருக்கேன்."

"அது எந்தக் கடைல விக்கிறாங்க?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். இலவசம் என்றேன். நம்பவில்லை. முப்பது கேட்டு இருபத்தைந்துக்கு ஒப்புக்கொண்டவர், இறங்கும்போது, "இலவசம்னு சொல்றவன்கிட்ட ஜாக்கிரதையா இரும்மா" என்றார். அந்தப் பழைய தளத்தில் சேருவதற்கு முன்னால் இவரைச் சந்தித்திருக்க வேண்டும்.

அட்டைக்காரனின் பெயர் ஜெயவேல். நாற்பத்தைந்து வயதிருக்கும். தறிக்கு டிசைன் வரைகிறவர். புடவையில் வரும் மயிலையும் மாங்காயையும் முதலில் கட்டம் கட்டமாக வரைவார். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையில் ஓட்டை போடுவது அவர் மனைவி சுமதியின் வேலை. அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டைப்படி நூல் எழும்பி டிசைன் விழும். இப்போது வரைவதெல்லாம் கணினியில். மணமக்கள் பெயரை முந்தானையில் நெய்து கேட்கிறவர்கள் எந்தெந்த எழுத்துருவிலோ அனுப்புகிறார்களாம். அதற்காகத்தான் அந்த மாற்றும் கருவியைத் தேடிப் பிடித்திருக்கிறார். இதில் எனக்கு யோகம் அடித்தது.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். பழைய பக்கத்தைத் திறந்து, எழுத்தை அள்ளி, கருவியின் மேல் பெட்டியில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், கீழ்ப் பெட்டியில் ஒருங்குறித் தமிழ் வந்து விழுகிறது. அதை எடுத்துப் புதுத் தளத்தில் போட வேண்டியதுதான். முதல் பதிவு மாறி வந்தபோது கைதட்டிவிட்டேன். பதிவுக்கு மூன்று நிமிடம். ஜெயவேல் நாற்காலியை எனக்கே விட்டுக்கொடுத்து, பழைய தளத்தின் பட்டியலைக் காட்டி ஒன்று சொன்னார்.

"மேடம், அடியில இருந்து ஆரம்பிங்க. கடைசில இருக்கிறதுதான் மொத அட்டை."

"எதுக்கு? மேலேயிருந்து கீழே வந்தாத்தானே விடுபடாது?"

"இல்ல மேடம், நாங்க கட்டத்துல கீழ் வரியத்தான் ஒண்ணுன்னு வெப்போம். துணி அப்படித்தான் வளரும். இதுவும் ஒண்ணு மேல ஒண்ணாத்தான..."

நான் முழுதாகக் கேட்கவில்லை. தாளைப் பொருத்தினால் மேல் வரியிலிருந்து அடிப்பது என் கைப்பழக்கம். இருபத்தாறு வருட சர்வீஸ் இருக்கிறவளுக்கு வரிசை சொல்லித் தருகிறாரே என்று ஒரு மிதப்பு வேறு. "பாத்துக்கறேன் ஜெயவேல்" என்றேன், அலுவலகத்தில் புதிதாக வந்த பையன்களிடம் சொல்லும் குரலில். அவரும் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

முப்பத்தோராவது பதிவு ஏறியதும் மின்சாரம் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பாம், ஒரு மணிக்குத்தான் வருமாம். யு.பி.எஸ். மின்கலம் பதினைந்து நிமிடம் தாங்கியது. அதற்குள் ஐந்து பதிவு மாற்றினேன். திரை அணைந்தபோது முப்பத்தெட்டு பதிவுகள் இன்னும் பழைய வீட்டிலேயே நின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போகிறார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

"இங்க உக்காந்து வெறுங்கம்ப்யூட்டர பாத்துக்கினு இருந்தா கரண்டு வந்துடுமா? ஏகாம்பரநாதர பாத்துட்டு வாங்கக்கா, பக்கம்தான்" என்று சுமதி என்னை விரட்டினார்.

நடந்தே போனேன், இருபது நிமிடம். பெரிய காஞ்சிபுரத்தில் வெயில் நேரத்தில் நடப்பவர்கள் குடை எடுத்துச் செல்லவும். கோயில் நடை பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுகிறார்கள், பதினொன்றரைக்குள் போய்விடுவது நல்லது. பிராகாரத்துத் தூண்களுக்கிடையே நல்ல காற்று. தலமரமான மாமரத்தைச் சுற்றி வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், மின்சாரம். வேறெதுவும் தோன்றவில்லை. சிரிக்காதீர்கள், உங்கள் எழுபத்து நான்கு பதிவும் தொங்கும்போது தெரியும்.

ஒன்று இருபதுக்கு மின்சாரம் வந்தது. சுமதி போட்ட சாம்பார் சாதத்தை இடது கையால் தட்டைப் பிடித்துச் சாப்பிட்டு முடித்து, மறுபடி உட்கார்ந்தேன். நடுவில் கருவி ஒரு சண்டித்தனம் செய்து கொம்புகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டது. ஜெயவேல் மொத்தமாகத் தேடி மாற்றும் வழியைக் காட்டிச் சரிசெய்தார். மூன்று முப்பத்தைந்துக்குக் கடைசிப் பதிவு ஏறியது. எழுபத்து நான்கு! எண்ணிப் பார்த்தேன், எதுவும் விடுபடவில்லை. அப்பாடா என்று முதல் பக்கத்தைத் திறந்தேன்.

திறந்தால், தலைகீழ்.

வலைப்பதிவில் கடைசியாகப் போட்டதுதான் உச்சியில் நிற்கும். நான் புதிய பதிவிலிருந்து ஆரம்பித்துப் பழையதில் முடித்திருக்கிறேன். அதனால் என் ஆகப் பழைய பதிவு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜெயவேல் காலையில் சொல்ல வந்தது இதைத்தான். அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அதுவும் எந்தப் பதிவு! எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாத காலத்தில் எழுதியது. நீங்களே பாருங்கள்:

"பெறுநர்: இணைய வாசகர்கள். பொருள்: மாமல்லபுரம் சென்று வந்தமை தொடர்பாக. மேற்காண் பொருள் தொடர்பாகக் கீழ்க்கண்ட விவரங்கள் தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து அனுப்பப்படுகின்றன. 1. கடல் காணப்பட்டது. 2. ரதங்கள் ஐந்தும் நல்ல நிலையில் உள்ளன."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஜெயவேல் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "தேதிய மாத்தினா வரிசை மாறிடும் மேடம். ஒண்ணு ஒண்ணா மாத்தணும், ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். அப்போது மோர் கொண்டுவந்த சுமதி எங்களுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தார். கணவர் படிக்கும் இந்த வலைப்பதிவை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இது யாரு சொல்லச் சொல்ல நீங்க அடிச்சதுக்கா?"

"யாரும் சொல்லலை சுமதி. நானேதான் எழுதினேன்."

"இல்லக்கா, இதுல யாரோ ஆபீசரு இருக்குறாரு."

ஜெயவேல் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சுமதி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தானே பக்கத்தை உருட்டிக்கொண்டு, அடுத்ததைப் படித்தார், அதற்கடுத்ததைப் படித்தார். நான் மோர் குடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் எழுத்தை ஒருவர் படிப்பதை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆறாவது பதிவு, திருத்தணிப் படியில் செருப்புக் கடைக்காரரோடு நான் போட்ட சண்டை. படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, திரையில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதோ, இங்கதாங்கா அந்த ஆபீசரு எழுந்து போயிட்டாரு. இப்ப நீங்க பேசிக்கினு இருக்கீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் 'அருமை', 'நன்றி', 'பயனுள்ள தகவல்' என்று எத்தனையோ பின்னூட்டம் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை ஒருவரும் பார்த்துச் சொன்னதில்லை, நானே பார்த்ததில்லை. சுமதி பதறி, "ஐயோ, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?" என்றார். ஒன்றும் தப்பில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தேதி மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். 5.10க்கு ஸ்ரீபெரும்புதூர் வழிப் பேருந்து, 26 ரூபாய், கூட்டம் அதிகம். தாம்பரம் வந்தபோது ஏழே கால்.

இனி, என்னைப்போல் ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களுக்கு. இன்றைக்கே உங்கள் பதிவுகளை நகலெடுத்து ஒரு குறுந்தகட்டில் வையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருங்குறியிலேயே தொடங்குங்கள். தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம்: பழைய தட்டச்சு விசைப்படியே ஒருங்குறியில் அடிக்க இலவசக் கருவி இருக்கிறது, ஜெயவேல் காட்டினார், என் விரல்கள் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் டெம்ப்ளேட்டில் கைவைக்கும் முன் அதையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் எழுத்து, மினுக்கும் விளக்கு, வந்தவர் எண்ணிக்கை காட்டும் பெட்டி எதுவும் வேண்டாம். தொலைபேசி இணைப்பில் மெதுவாக இறக்கிப் படிக்கிறவர் பாவம். காஞ்சிபுரம் போகிறவர்கள் பட்டுக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலைப்பதிவு வேலையையும் சேர்த்துக்கொண்டு போனால் என்னைப்போல் வரதராஜப் பெருமாளைப் பார்க்காமல் திரும்புவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினைந்து ரூபாயை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, தேதி மாற்ற உட்கார்ந்தேன். புதுத் தளத்தில் முதல் பின்னூட்டம் வந்திருந்தது. அட்டைக்காரனின் பெயரில், ஆனால் எழுதியது அவரில்லை.

"அக்கா நான் சுமதி. வேலூர் கெளம்பறதுக்கு முன்னாடி ஒம்போதாவது வரைக்கும் படிச்சிட்டேன். மேல இருந்து கீழ வந்துக்கினு இருக்கேன். மாத்திடாதீங்க, எனக்கு எடம் தெரியாம போயிடும்."

மாற்றவில்லை. புதிதாக எழுதுவதற்கும் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின தேதி போட்டு அடியில் சேர்க்கிறேன். இந்தப் பதிவைத் தேடி நீங்கள் கடைசிப் பக்கத்தின் கடைசி வரை வரவேண்டியிருந்ததற்கு மன்னிக்கவும். சுமதி இன்னும் இங்கே வந்து சேரவில்லை.