வேலை செய்யாத பொத்தான்

அம்பாங்கான் வீடியோ கேம் கடையில் சண்டை விளையாட்டுப் போட்டி. லாபு எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிற அண்ணன் ஒருவரும் வந்திருந்தார். முரட்டுக் கை. கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆடுவார்.

எஸ்டேட் ஆள் என்றாலே கடைக்காரன் மிசினின் வலப்பக்கம் நிறுத்துவான். அங்கே உதைக்கிற பொத்தான் வேலை செய்யாது. அண்ணன் வெறும் குத்திலேயே இறுதிச் சுற்றுவரை வந்து, கடைக்காரனின் தம்பியையும் வீழ்த்தினார்.

"மிசின் ரோசாக் லா, பொத்தான் வேலை செய்யல. இது செல்லாது, மறுபடி ஆடு" என்றான் கடைக்காரன்.

"ரோசாக்குன்னு தெரிஞ்சுதானடா என்னய இங்க நிக்க வெச்ச? சரி, ஆடலாம். உன் தம்பிய இந்தப் பக்கம் வரச் சொல்லு."

தம்பி நகரவில்லை. கோப்பை மட்டும் அவனிடம் போனது. அண்ணன் சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எப்படித்தான் சிரித்தாரோ! அங்கே நின்று பார்த்த எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.