கோபால்சாமி பிடித்த இடம்

கோவிந்தனுக்குத் தோலைத் தெரியும். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூரில், சாமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் மலையிறங்கி வாணியம்பாடியில் ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பதுதான் அவன் வேலை. தோலை வெளிச்சத்தில் சாய்த்து விரலால் ஒரு தடவு தடவுவான். முடி முளைத்திருந்த குழிகள் புள்ளி புள்ளியாகத் தட்டுப்பட்டால் நல்ல தோல். ஒரு திட்டு மட்டும் குழியே இல்லாமல் மழமழவென்று இருந்தால், அந்த ஆடு எப்போதோ முள்ளில் கிழிபட்டு ஆறியிருக்கிறது. அந்த இடத்தில் சாயம் ஒழுங்காக ஏறாது. அதை எடுத்துத் தனியே போட்டுவிடுவான்.

போன வருஷம் பங்குனியில் அவன் ஊருக்கு வந்திருந்த சமயம் காட்டில் தீ பிடித்தது. பகல் இரண்டு மணி இருக்கும். தீ வீடுகள் பக்கம் இறங்காமல் தடுக்க ஆண்கள் பச்சைத்தழையை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். கோவிந்தனும் அவன் மனைவி செல்லியம்மாளின் தம்பி கோபால்சாமியும் ஓடைச்சரிவுக்குப் போனார்கள். காற்று திடீரென்று திரும்பியது. ஏறி ஓடும்போது கோபால்சாமியின் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் கோபால்சாமியைப் பிணமாகத் தூக்கிவந்தார்கள். கோவிந்தன் ஊராரிடம் சொன்னது ஒன்றுதான். "ஒரே புகை. அவன் எந்தப் பக்கம் போனான்னே எனக்குத் தெரியல."

அவன் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தான். கட்டை முழுசாக அவிழ்த்த அன்றுதான் கையை நிதானமாகப் பார்த்தான். புதுத்தோல் இளஞ்சிவப்பாக, முடியில்லாமல், குழியில்லாமல் பளபளத்தது. அதன் நடுவே பழைய தோல் கொஞ்சம் வேகாமல் தப்பியிருந்தது. கறுப்பாக, முடியோடு, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. அதிலிருந்து நான்கு பட்டைகள் கையைச் சுற்றிப் போயின. அவற்றில் ஒன்று பாதியிலேயே நின்றிருந்தது. கோபால்சாமிக்குச் சின்ன வயதில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மிஷினில் ஆள்காட்டி விரல் பாதி போயிருந்தது.

"இந்த எடம் மட்டும் எப்டிம்மா தப்பிச்சுது?" என்று டாக்டர் ரேணுகாதேவியிடம் கேட்டான்.

"ஏதோ மூடியிருந்திருக்கு. துணியா இருக்கும். அது உங்களுக்கு நல்லதாப் போச்சுங்க. அதோட ஓரத்துல இருந்துதான் தோல் சீக்கிரமாப் பரவுச்சு."

"மத்த எடத்துல?"

"மேல்தோல் எரிஞ்சாலும் அடியில அங்கங்க முடிவேர் கொஞ்சம் பொழச்சிருக்கும். அங்க இருக்குற செல்லுங்களுக்கு முடி வளர்க்குறதுதான் வேலை. புண்ணுன்னு தெரிஞ்சதும் அந்த வேலைய விட்டுட்டு மேல ஏறி வரும். வந்து தோலாவே மாறிடும்."

"மறுபடியும் முடியா மாறாதா?"

"இவ்ளோ ஆழமா எரிஞ்சா முடி வர்றது கஷ்டம். ஆனா எங்கேருந்து வந்தோம், இன்னா நடந்துதுங்கிறது அதுங்களுக்குள்ள ரொம்ப நாள் இருக்கும்னு சொல்றாங்க. எலிங்கள வச்சுப் பார்த்திருக்காங்க. ஒருதரம் புண்ணான எடம், அடுத்த தரம் இன்னும் வேகமா மூடிக்குதாம்."

அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். ஆனால் கோவிந்தன், தனக்குத் தெரியாமலே தன் தோலுக்குள் ஒன்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. எண்ணெய் தடவக் கதவைச் சாத்திக்கொண்டான். டேனரிக்குத் திரும்பிப் போன முதல் நாளே தோலைச் சாய்த்துப் பிடித்தபோது இடது கையை யாரோ இறுக்கினார்கள். நான்கு விரல், ஒன்று குட்டை. மழமழவென்ற திட்டு எந்தத் தோலில் வந்தாலும் அந்தப் பிடி வந்தது. மேஸ்திரி சுஃப்யான் அவன் ஒதுக்கிய தோல்கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா கோவிந்தா, நல்ல தோலையும் சேத்து தள்ளி வச்சிருக்கே?" என்றார். கோவிந்தன் அதற்குமேல் முடியாமல் லீவு சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினான்.

மறுநாள் காலை தொட்டியோரம் சட்டைக்கையை மடக்கிக் கை கழுவிக்கொண்டிருந்தவன் துண்டு கேட்டான். செல்லியம்மாள் கொண்டுவந்தாள். அவள் கண் கையில் விழுந்தது. துண்டை நீட்டியபடியே நின்றாள்.

"இது எங்க கோபாலு கை."

அவனால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"பார்க்கலன்னு சொன்னியே."

"பார்த்தேன். இழுத்தேன். கால் வரல. எம்மேல நெருப்பு வந்துச்சு. உதறிட்டேன்."

செல்லியம்மாள் அழவில்லை. துண்டைத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வைத்தாள், அவ்வளவுதான். நான்காம் நாள் புளி உடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னா சொன்னான்?"

"மாமான்னான். வேற ஒண்ணும் சொல்லல."

புளியங்கொட்டைகள் முறத்தில் விழும் சத்தம் நின்றது. "நெருப்பு வர்றதுக்கு முன்னாடியே வுட்டிருந்தா அந்த எடமும் சேந்து வெந்திருக்கும். சுத்தி வேகறவரைக்கும் புடிச்சினுதான் இருந்திருக்கே." அவனைத் தேற்றுகிற குரல் இல்லை அது, இருப்பதைச் சொன்னாள். "ஆனா வுட்டே. அதைப் போயி அருணாகிட்ட சொல்லு. அவன் பொண்டாட்டிக்குத் தெரியணும்."

அருணாவின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். எரிந்த சரிவில் புல் முளைத்திருந்தது. அதைத் தாண்டும்போது கைப்பிடி மறுபடி வந்தது. அவன் நிற்காமல் நடந்தான்.

அருணா உரலடியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். பிறகு, "கையைக் காட்டுங்கண்ணே" என்றாள்.

சட்டைக்கையை மடக்கி நீட்டினான். அவள் தொடவில்லை. குனிந்து, குட்டை விரல் முடிகிற இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணுகூட நரைக்கலியே. இந்த முடி நரைக்குமா?"

"நரைக்கும்" என்றான்.

அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து, அவனுக்குச் சாப்பாடு போட உள்ளே போனாள்.